களப்புக் கரையில் ஒரு தாழ்சுரம்

இலங்கையின் புத்தளத்திலிருந்து வடக்கே, வண்ணாத்திவில்லைக் கடந்து செல்லும் பழைய மன்னார்ச் சாலை கலா ஓயாவை நெருங்கும் இடத்தில் எலுவன்குளம் இருக்கிறது. ஒரு புறம் வில்பத்துக் காடு. மறுபுறம், ஆறு களப்போடு கலக்கும் கண்டற்காடு. இவ்விரண்டிற்கும் நடுவே, ஒரு கல்யாண வீட்டு முற்றத்திலோ பாடசாலைத் திடலிலோ இரவு இசை நிகழ்வதாகக் கொள்வோம். அங்கே பேஸ் கிற்றார் வாசிக்கப் போகிறவர் எவ்வகைக் கருவிகளைக் கொண்டுசெல்ல வேண்டும்? அவற்றை எப்படி அமைக்க வேண்டும்? கடையில் நின்று இவ்வினாவைக் கேட்பவருக்கு வாற்றும் விலையுமே விடையாகக் கிடைக்கும். அவ்வூர் மண்ணில் நின்று கேட்பவர், மின்னோட்டத்தில் தொடங்கிக் காற்று, உப்பு, காடு என ஒவ்வொன்றிடமும் விடை பெற வேண்டியிருக்கும். தாழ்ந்த சுரம் எந்தப் பெட்டிக்குள்ளும் முழுமையாகக் குடியிருப்பதில்லை. தந்தி, நிலம், காற்று, கேட்பவர் செவி ஆகிய நான்கும் சேர்ந்தே அதனை ஆக்குகின்றன.

மின்னோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். களப்பிற்கு அப்பால், கற்பிட்டித் தீபகற்பத்தின் கடலோரத்தில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. 2011இல் முதற்பிரிவும் 2014இல் எஞ்சிய பிரிவுகளும் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் மொத்த ஆற்றல் 900 மெகாவாற். அதன் சுழலிகள் நிமிடத்திற்கு 3000 சுற்று, அதாவது செக்கனுக்கு 50 சுற்றுச் சுற்றுகின்றன. நாட்டின் மின்வலை முழுவதும் அதே தாளத்திற்கு இசைந்து துடிக்கிறது. இப்போது கிற்றாரைப் பாருங்கள். அதன் தடித்த தந்தி ‘ஈ’ எனப்படும். திறந்த நிலையில் அதன் அதிர்வெண் 41.2 ஹேட்ஸ். அதே தந்தியை மூன்றாம் கட்டையில் அழுத்தினால் பிறக்கும் ‘ஜி’ சுரத்தின் அதிர்வெண் 49.0 ஹேட்ஸ். மின்வலையின் துடிப்புக்கும் இச்சுரத்திற்கும் இடையே இருப்பது ஒரே ஒரு ஹேட்ஸ். மிக மெல்லிய ‘ஜி’ தந்தி திறந்த நிலையில் 98 ஹேட்ஸில் ஒலிக்கும். மின்னோட்டத்தை நேராக்கும் சுற்றுகளிலிருந்து கசியும் இரைச்சலோ 100 ஹேட்ஸ். நெருங்கிய இரு அதிர்வெண்கள் ஒன்றாக ஒலிக்கும்போது அவற்றின் வேறுபாட்டிற்கு ஏற்ப ஒலி ஏறி இறங்கும். இயற்பியலார் இதனை அடிப்பு என்பர். தமிழகத்துப் பாடநூல்கள் விம்மல் என்கின்றன. 60 ஹேட்ஸ் மின்னோட்டம் பாயும் அமெரிக்காவில் அவ்விரைச்சல் 58.3, 61.7 ஹேட்ஸ் ஆகிய அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு இடையில், எச்சுரத்தோடும் ஒட்டாமல் விழுகிறது. நம் நாட்டிலோ அது பாட்டின் சுரமொன்றின் மேலேயே வந்து அமர்கிறது. ‘ஜி’யைச் சுருதியாகக் கொண்ட பாடலில் இரைச்சல் தானும் ஒரு வாத்தியமாகி, சிறிதே சுருதி பிசகி, பாடல் முழுவதும் உடன்வரும். இரைச்சலற்ற கருவியைத் தேர்வது நம்மவருக்குக் கூடுதல் கடமை என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இரைச்சல் கருவிக்குள் நுழையும் வாயில், தந்திகளின் அடியில் இருக்கும் சுருள். மைக்கேல் பரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலே அதன் உயிர்நாடி. நிலைக்காந்தத்தைச் சூழ்ந்து மயிரிழைபோன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. இசைக்கலைஞர் இதனைப் பிக்கப் என்பர். தந்தியின் அசைவை உணரும் அதே சுருள், அருகிலுள்ள மின்மாற்றியின் புலத்தையும் விளக்குக் கம்பியின் புலத்தையும் வேறுபாடின்றி உணர்கிறது. லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருளே இருந்தது. 1957இல் அச்சுருள் இரண்டாகப் பிளக்கப்பட்டது: இரு பாதிகளிலும் காந்தங்களின் முனைகள் எதிரெதிர், சுற்றும் திசையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றி ஒன்றையொன்று அழிக்கிறது. தந்தியின் அசைவோ அழியாமல் வெளிவருகிறது. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் தனித்தனி இரு சுருள்கள் உண்டு. இரண்டையும் சமமாகத் திறந்து வைத்தால் மட்டுமே இரைச்சல் அழியும். ஒன்றைக் குறைத்தவுடன் திரும்பி வரும். மின்பிறப்பாக்கியும் வண்ணவிளக்கு வரிசையும் மேடைக்குப் பக்கத்திலேயே அடுக்கப்படும் ஊர்ப்புற நிகழ்ச்சிக்கு நான் பிளந்த சுருளையே விரும்புவேன். கருவியின் உட்குழியில் செப்புத் தகடு ஒட்டினால் இரைச்சல் முற்றும் நீங்கும் என்று நம்புவோர் பலர். அத்தகடு மின்புலத்தைத் தடுக்கும். தாழ்ந்த அதிர்வெண்ணுடைய காந்தப் புலம் அதனை ஊடுருவிச் செல்லும்.

இரைச்சலைவிடப் பெரிதொன்று உண்டு. அது உயிர். கிற்றாரின் தந்திகள் பாலத்தின் வழியே, ‘அம்ப்’ எனப்படும் விரியலாக்கியின் நிலத்தொடுப்போடு இணைந்திருக்கின்றன. வாசிப்பவரின் விரல்கள் எந்நேரமும் தந்தியில். உதடுகள் அவ்வப்போது ஒலிவாங்கியில். விரியலாக்கி ஒரு வீட்டு மின்னிலிருந்தும் ஒலிவாங்கி மின்பிறப்பாக்கியிலிருந்தும் உயிர்பெற்று, அவற்றுள் ஒன்றின் நிலத்தொடுப்புப் பழுதாகியிருந்தால், இரண்டிற்கும் இடையிலுள்ள மின்னழுத்தம் அம்மனிதர் உடலின் வழியே பாயும். 1972 மே 3 அன்று வேல்சிலுள்ள சுவான்சி நகர மேடையில், நிலத்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்ட லெஸ் ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர் அங்கேயே உயிரிழந்தார். இலங்கையின் 230 வோல்ற் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. வட்ட முனைச் செருகியும் சதுர முனைச் செருகியும் கலந்து புழங்கும் நம் நாட்டில், இடையே செருகப்படும் மலிவான பொருத்திகளில் நிலத்தொடுப்பு முனை பெயரளவிலேயே இருப்பதுண்டு. இரைச்சல் குறைகிறதென்று அந்த முனையை முறித்தெறியும் வழக்கத்தையும் கண்டிருக்கிறேன். கண்ட ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறியிருக்கிறது. ஆகவே கருவிப்பையில் முதலில் இடம்பெற வேண்டியது ஒரு மின்னளவி. ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை ஒலிவாங்கியின் வலைத்தலையிலும் வைத்துப் பாருங்கள். சில வோல்ற்றுக்கு மேல் காட்டினால், காரணம் தெரியும்வரை எவரும் மேடையேறக் கூடாது. மேடைக்கு வரும் மின் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து, ட்ரிப் சுவிட்சின் வழியே வரட்டும். மின்பிறப்பாக்கியின் நிலத்தொடுப்புக் கம்பியை எங்கே அறைவது என்பதிலும் அவ்வூர் மண்ணின் குணம் உண்டு. வறண்ட மணல் மின்னை எளிதில் ஏற்பதில்லை. களப்போரத்து உவர் ஈரமண் தாராளமாக ஏற்கும்.

அந்த உவர்ப்பு நிலத்துக்கு நன்மை, கருவிக்குப் பகை. புத்தளம் உப்பளங்களின் நாடு. கறியுப்பின் ஒரு பண்பை அங்குள்ள உப்பளத் தொழிலாளர் எல்லோரும் அறிவர்: காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கரையோர இரவுகள் அவ்வெல்லையை எளிதில் கடக்கின்றன. பகலில் செருகிகளின் மேலும் தந்திகளின் மேலும் படியும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம், இரவில் மெல்லிய உவர்நீராகி மின்னைக் கடத்துகிறது; உருக்கை அரிக்கிறது. தடித்த தந்தி என்பது ஓர் உருக்கு நடுக்கம்பியின் மேல் மற்றொரு கம்பி சுற்றப்பட்டது. அதன் இடுக்குகளில் உப்பும் வியர்வையும் புகுந்தால் மேற்சுரங்கள் மங்கி, தந்தி ‘செத்துப்போகும்’. துருப்பிடியா உருக்குத் தந்தியோ மேற்பூச்சுள்ள தந்தியோ இங்கே சில நிகழ்ச்சிகள் கூடுதலாகத் தாங்கும். நிகழ்ச்சி முடிந்ததும் உலர்துணியால் ஒவ்வொரு தந்தியையும் சுற்றிப் பிடித்துத் துடைப்பது எல்லாவற்றிலும் மலிவான மருந்து.

மரமும் நீரை உண்ணும். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை, ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமம். அவ்விசையை எதிர்த்து நிற்க, கழுத்தினுள் ஓர் உருக்குத் தண்டு பொருத்தப்பட்டிருக்கும். குளிரூட்டிய அறையில் திருத்திய கருவி களப்புக் காற்றில் சில மணி நேரம் இருந்தால் கழுத்தின் வளைவு மாறும். தந்தி கட்டையில் உரசும், அல்லது தேவைக்கு மேல் உயர்ந்து விரலை வருத்தும். முதற்கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் தந்தியை அழுத்திக்கொண்டு, நடுவிலுள்ள கட்டைக்கும் தந்திக்கும் இடையிலான வெளியைப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு அளவு இருந்தால் போதும். திருத்துவதாயின் தண்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகக் கூடாது. மாலையில் 33 பாகையில் சுருதி சேர்த்த உருக்குத் தந்தி, நள்ளிரவுக் குளிர்ச்சியில் சுருங்கி இறுகிச் சுருதி ஏறும். முதல் இடைவேளையில் மீண்டும் சுருதி பார்ப்பவரே கடைசிப் பாட்டிலும் பாடகரோடு சேர்ந்து நிற்பார்.

இனிக் காற்று. 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் செல்லும். ஆகவே திறந்த ‘ஈ’ தந்தியின் அலைநீளம் ஏறத்தாழ 8.5 மீற்றர். ஒரு சிறிய வீட்டின் நீளத்தைக் கொண்ட இந்த அலையை, கையில் தூக்கிச் செல்லும் பெட்டியொன்று உண்டாக்க வேண்டும். அதற்கு ஒலிபெருக்கியின் கூம்பு காற்றைத் தள்ள வேண்டும். சுரம் ஒரு மண்டிலம் இறங்கும்போது, அதே ஒலிச்செறிவைத் தரக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும் என்பது இயற்கை விதித்த கட்டளை. இதனால்தான் தாழ்சுரக் கருவிகள் பெரிதாகவும் விலை மிகுந்தும் இருக்கின்றன. கூம்பின் விட்டத்தை மட்டும் பார்த்துப் பெட்டியைத் தேர்பவர் ஏமாறுவார். 15 அங்குலக் கூம்பு ஒன்றின் பயனுறு பரப்பு ஏறத்தாழ 850 சதுர சென்ரிமீற்றர். 12 அங்குலக் கூம்புகள் இரண்டு சேர்ந்தால் 1000க்கு மேல். 10 அங்குலக் கூம்புகள் நான்கு சேர்ந்தால் 1400 அளவில். வாற் கணக்கும் அப்படியே மயக்கும். ஒரே வாற்றுக்கு 97 டெசிபெல் தரும் பெட்டிக்கு 300 வாற் ஊட்டினாலும், 100 டெசிபெல் தரும் பெட்டிக்கு 150 வாற் ஊட்டினாலும் வெளிவரும் ஒலி ஒன்றே. உணர்திறன் மிகுந்த பெட்டிக்குக் கொடுத்த பணம் வீணாவதில்லை.

அறைக்குள் நான்கு சுவர்களும் தாழ்ந்த ஒலியைத் திருப்பியனுப்பித் துணைசெய்யும். எலுவன்குளத்துத் திறந்தவெளியில் அத்துணை கிடையாது. தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். பெட்டியிலிருந்து 2 மீற்றரில் நிற்பவருக்கும் 32 மீற்றரில் நிற்பவருக்கும் இடையே 24 டெசிபெல் வேறுபாடு. அதனை விரியலாக்கியின் வலுவால் ஈடுசெய்வதாயின் 250 மடங்கு வலு வேண்டும். எவராலும் ஆகாத காரியம். ஆகவே மேடையிலுள்ள அம்ப் தன் குழுவினருக்கு மட்டும் கேட்கட்டும். கூட்டத்துக்குரிய ஒலி, டீ.ஐ. பெட்டியின் வழியே மிக்சருக்குப் போய்ப் பெரிய ஒலிபெருக்கிகளில் வரட்டும். டீ.ஐ. பெட்டி கிற்றாரின் ஒலிக்குறியை எதிரெதிரான இரு கம்பிகளில் அனுப்புகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே விதமாகச் சேர்வதால், மறுமுனையில் கழித்தெடுக்கப்பட்டு நீங்குகிறது. மின்மாற்றி உள்ள டீ.ஐ. பெட்டி, இரு நிலத்தொடுப்புகளுக்கிடையே சுற்றிவரும் ஓட்டத்தையும் துண்டிக்கும். செருகி முனையை முறிப்பவர் தேடுகின்ற பயனை உயிருக்கு ஊறின்றித் தருவது இதுவே. கிற்றாரிலிருந்து வரும் கம்பி மட்டும் குறுகியதாக, 6 மீற்றருக்குள் இருக்கட்டும். நீளம் கூடக்கூடக் கம்பியின் கொள்ளளவம் மேற்சுரங்களை விழுங்கும். அதே கம்பியை அம்பிலிருந்து பெட்டிக்கு இணைக்கக் கூடாது. 4 ஓம் பெட்டியில் 300 வாற் பாயும்போது ஏறத்தாழ 9 அம்பியர் ஓடுகிறது. அதற்குத் தடித்த ஒலிபெருக்கிக் கம்பியே தகும். 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 2.7 ஓமாகி, பெரும்பாலான விரியலாக்கிகளின் எல்லையை மீறும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை. பின்னால் ஒரு மீற்றர் தொலைவில் சுவர் இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் அலை 87 ஹேட்ஸ் அளவில் நேர் அலையை அழித்துவிடும். ‘ஈ’ தெளிவாகக் கேட்க, ‘எஃப்’ மட்டும் மறைந்து போகும் மாயத்திற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அம்பின் குமிழ்களைத் திருகிப் பயனில்லை; பெட்டியைச் சுவரோடு ஒட்டி நகர்த்துங்கள், அல்லது நன்றாக முன்னே இழுங்கள். பலகை மேடையின் உட்குழிவு தானும் பேரிகைபோல அதிர்ந்து சில சுரங்களை வீங்கச் செய்யும். பெட்டியின் கீழ் அடர்ந்த நுரைமெத்தை ஒன்றை இட்டால் அவ்வீக்கம் தணியும்.

இவ்வளவு சொன்ன பின்னும் ஓர் ஐயம் எழும்: பெரும்பாலான பேஸ் பெட்டிகளின் ஒலி 50, 60 ஹேட்ஸுக்குக் கீழே சரிந்துவிடுகிறதே, 41 ஹேட்ஸ் ‘ஈ’யை நாம் கேட்பது எப்படி? விடை செவியில் இருக்கிறது. 1841இல் ஆகுஸ்ற் சீபெக் ஒரு சுழல்தட்டு ஊதலைக் கொண்டு, அடிச்சுரம் மிக மெலிந்திருந்தாலும் மேற்சுரங்களின் ஒழுங்கைக் கொண்டே செவி அதனைக் கண்டுகொள்கிறது என்று காட்டினார். 82, 124, 165 ஹேட்ஸ் ஆகிய மேற்சுரங்கள் கேட்டால் மூளை 41ஐத் தானே நிரப்பிக்கொள்ளும். இந்த உண்மையை நம் தலைமுறை பரிசோதனைச் சாலைக்குப் போகாமலே பயின்றது. இளையராஜாவின் பாடல்களில் சசிதரனின் பேஸ் கிற்றார் நடந்த நடையை, கைப்பிடி வானொலிப் பெட்டியின் உள்ளங்கை அகல ஒலிபெருக்கியில் இலங்கை வானொலி நமக்குக் கொண்டுவந்தது. அந்த ஒலிபெருக்கி 100 ஹேட்ஸைக்கூட ஒழுங்காகத் தரவல்லதன்று. ஆயினும் அந்த நடையை வாயால் பாடிக் காட்டாத இளைஞர் எந்த ஊரில் இருந்தார்? இசையமைத்தவரின் மேற்சுரத் தெளிவும் செவியின் நிரப்பும் திறனும் சேர்ந்து, இல்லாத அடிச்சுரத்தை இருப்பதாக்கின. மேடையில் இதன் பயன் பெரிது. 35 ஹேட்ஸ் அளவில் ஓர் உயர்கடத்து வடிகட்டி வைத்துக் கீழுள்ளவற்றை நீக்கினால் கேட்பவர் எதையும் இழப்பதில்லை. கூம்போ வீண் அலைச்சலிலிருந்து தப்புகிறது.

அப்பகுதியின் இசைக்கு இது இன்னும் பொருத்தம். புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் பாடிவரும் மஞ்ஞாவும், போர்த்துக்கேயர் காலத்து இசையிலிருந்து வளர்ந்து தீவு முழுவதும் பரவிய பைலாவும் ஆறெட்டுத் தாளத்தில் துள்ளுபவை. ஏ. ஈ. மனோகரன் அத்துள்ளலைத் தமிழ்ப் பொப் பாடலுக்குள் கொண்டுவந்தார். நிமிடத்திற்கு 120 பெரிய அடிகள் விழும் வேகத்தில் ஒவ்வொரு சிற்றடிக்கும் 167 மில்லிசெக்கன் கிடைக்கும். ‘ஈ’ தந்தியின் ஓர் அதிர்வுக்கே 24 மில்லிசெக்கன் ஆகிறது. சிற்றடி ஒன்றிற்குள் அது ஏழு முறை மட்டும் அசைய இடமுண்டு. ஏழாவது அசைவோடு அடங்காமல் பெட்டி தானாக முழங்கிக்கொண்டிருந்தால் அடுத்த அடி சேற்றில் விழும். ஆகவே பைலா வாசிப்பவர் மிக ஆழமாக முழங்கும் பெட்டியை நாட வேண்டியதில்லை. விரைவில் அடங்கும் பெட்டியும், விரல் தந்தியில் படும் ஓசையைத் தெளிவாகத் தரும் 700 முதல் 1000 ஹேட்ஸ் வரையிலான பகுதியில் சிறிய ஏற்றமும், இடக்கையால் தந்தியை அமர்த்தும் பழக்கமுமே அவருக்கு வேண்டியவை. இம்மூன்றில் கடைசியானது காசு கொடுத்து வாங்க இயலாதது. பயன் மிகுந்ததும் அதுவே.

காடு எஞ்சியிருக்கிறது. வில்பத்து 1938இல் தேசிய வனமாக்கப்பட்டது. அங்கே யானைகள் உலவுகின்றன. 1984இல் கேட்டி பெய்ன் என்னும் ஆய்வாளர் அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலையொன்றில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். பின்னர் பதிவுகளை ஆராய்ந்து, அவை 14 முதல் 24 ஹேட்ஸ் வரையில், மனிதச் செவிக்குப் பெரும்பாலும் எட்டாத ஒலியால் உரையாடுவதைக் கண்டார். ஐந்து தந்திக் கிற்றாரின் தடித்த தந்தி 30.9 ஹேட்ஸ், யானை மொழியின் வாயிற்படி அது. தாழ்ந்த அலை இலையாலும் மரத்தாலும் தடைபடுவதில்லை. கதிரவன் மறைந்தபின் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று நிற்கும்போது, ஒலி வானுக்குத் தப்பாமல் நிலத்தை நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். தென்மேல் பருவக் காற்று வீசும் மாதங்களில் காற்றின் போக்கில் ஒலி மேலும் நீளும். நம் இன்னிசை காட்டுக்குள் எவ்வளவு தொலைவு செல்கிறது என்று கேட்டுப் பார்ப்பது அயலாருக்குச் செய்யும் மரியாதை. அதற்கும் ஒரு வழி உண்டு. தாழொலிப் பெட்டிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக 1.45 மீற்றர் இடைவெளியில் வைத்து, பின்பெட்டியின் ஒலிக்குறியைத் தலைகீழாக்கி 4.2 மில்லிசெக்கன் தாமதப்படுத்தினால், 60 ஹேட்ஸை ஒட்டிய அலைகள் முன்னே வலுத்தும் பின்னே அழிந்தும் போகும். கூட்டம் முன்னே, காடு பின்னே. இரண்டு பெட்டிகளும் சிறிது கணக்கும் இருந்தால் போதும்.

எல்லாம் பொருத்தி முடிந்தபின், விளக்குகள் அனைத்தையும் ஏற்றச் சொல்லுங்கள். மெல்லிய ‘ஜி’ தந்தியைத் திறந்த நிலையில் மீட்டி, ஒலி தேயும்வரை விடுங்கள். தேய்கின்ற சுரத்தில் செக்கனுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் விம்மல் கேட்டால், களப்பிற்கு அப்பாலுள்ள சுழலிகளின் துடிப்பு இன்னும் எங்கோ கசிகிறது. செருகிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டும். கேட்கவில்லையாயின், கிற்றாரை இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, மேடையின் பின்புறமாகக் காட்டை நோக்கி நடந்து செல்லுங்கள். தாழ்சுரம் எந்த மரத்தடியில் கேட்காமற் போகிறதோ, அந்த இடம்வரை.